டூரிஸ்ட் விசாவில் போய் ஆங்கிலம் நடத்தலாமா? மன்னார்குடித் தங்கச்சிக்கு ஒரு பதில்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., மெட்ரிக் பள்ளியில் ஆறு வருட அனுபவம், கைக்கு வரும் சம்பளம் 14,000 ரூபாய். கும்பகோணத்தில் ஒரு ஏஜென்ட், தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை இருக்கிறது, மாதம் 30,000 பாத் என்கிறாராம். அதற்கு 1,60,000 ரூபாய் கட்ட வேண்டும், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை இப்போதே அவரிடம் கொடுத்துவிட வேண்டும், டூரிஸ்டாகப் போய் இறங்கினால் போதும், விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம். தங்கச்சியின் கேள்வி இதுதான்: "போன இடத்தில் சம்பளம் சரியாகத் தரவில்லை, சொன்னது ஒன்று நடப்பது ஒன்று என்றால் எனக்கு என்ன உரிமை இருக்கிறது? யாரிடம் போய்க் கேட்பது?"

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன், இந்த நிபந்தனைகளோடு கிளம்பாதீர்கள். வெளிநாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் வலங்கைமான்காரி. மாலத்தீவில் நான்கு வருடம், ஷார்ஜாவில் ஐந்து வருடம், தாய்லாந்தில் இரண்டு வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டு வந்தவள். அந்தச் சம்பாத்தியத்தில்தான் தம்பி படித்தான், வீட்டுக்குக் காங்கிரீட் போட்டோம். போனதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் எங்கே ஏமாந்தேன், எங்கே ஒரு துண்டுக் காகிதம் என்னைக் காப்பாற்றியது என்பது நன்றாக நினைவிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் பண்ணையாள் முறை இருந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வேலை மிராசுதார் கொடுப்பது, குடிசை நிற்கிற மனையும் அவருடையது. கூலி கூடக் கேட்டால் "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று சொன்னால் முடிந்தது, அடுத்த வேளைக்கும் வழியில்லை, படுக்க இடமும் இல்லை. 1952-ல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஆனால் மனை அவர் கையில் இருக்கும்வரை எதிர்த்துப் பேசுவது சுலபமா? 1971-ல் குடியிருப்பு மனை அதில் குடியிருப்பவருக்கே என்று தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது இதனால்தான். அவர்கள் பட்ட பாட்டோடு நம் கஷ்டத்தை நான் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. கட்டிப்போடுகிற கயிறு எப்படி வேலை செய்கிறது என்று காட்டத்தான் சொல்கிறேன். வெளிநாட்டு ஆசிரியருக்கு வேலை, வீடு, விசா மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும். சம்பளத்தைப் பற்றி வாய் திறந்தால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், பள்ளி கொடுத்த அறையும் போகும். அந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் எவ்வளவு நல்ல பிரிவுகள் இருந்தாலும், மூன்றும் ஒரே கையில் இருக்கிற ஆள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே பயப்படுவார். அதனால் உங்கள் உரிமையைக் காப்பாற்றும் வேலையெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்னால், இங்கே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. அந்தக் கையிலிருந்து எதையெல்லாம் இப்போதே பிடுங்கிக்கொள்ள முடியுமோ அதையெல்லாம் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

சரி, விசாவுக்கு வருகிறேன். தாய்லாந்தில் முறையான வழி என்னவென்றால், அந்த நிறுவனம் தன் பெயரில் காகிதங்களை அனுப்பும், அதை வைத்து நான்-இமிக்ரன்ட் பி விசா வாங்குவோம், போன பிறகு அந்த நிறுவனத்தின் பெயரிலேயே ஒர்க் பெர்மிட் வரும். பள்ளியில் வகுப்பெடுப்பதற்கு ஆசிரியர் கவுன்சிலின் உரிமமோ தற்காலிக அனுமதியோ தனியாக வேண்டும். அந்தக் கவுன்சிலுக்குப் பெயர் குருசபா, நம் குருவும் சபாவும்தான், அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. டூரிஸ்டாகப் போய் உள்ளேயே விசா மாற்றுவது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், அதற்கும் விதி இருக்கிறது. ஆனால் ஏஜென்ட் மறைக்கிற விஷயம் வேறு. ஒர்க் பெர்மிட் கைக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் வகுப்பறையில் நின்றால், ஒரு நாள் நின்றாலும், குற்றம் செய்தவர் நீங்கள். பெர்மிட் இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், நாடு கடத்தல், அதன் பிறகு 2 வருடம் பெர்மிட் கேட்கவும் முடியாது. வேலைக்கு வைத்தவருக்கும் ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாத் வரை அபராதம் உண்டு, ஆனால் அவர் தன் ஊரில் தன் வீட்டில் இருப்பார், பெட்டியைக் கட்டுவது நீங்கள்தான்.

இதில்தான் உங்கள் கேள்விக்கான முக்கியமான பதில் இருக்கிறது. பெர்மிட் இல்லாத மூன்று மாதத்துக்குச் சம்பளம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உழைத்தவருக்குக் கூலி உண்டு என்று எந்த ஊர்ச் சட்டமும் சொல்லும். ஆனால் அதைக் கேட்க அலுவலகத்துக்குப் போனால் அங்கே முதலில் கேட்பது பெர்மிட்டைத்தான். புகார் கொடுக்கப் போனவர் மாட்டிக்கொள்வார், அது தெரிந்துதான் சிலர் அந்த மூன்று மாதத்தையும் இழுத்தடிக்கிறார்கள். "இப்போ வந்துடும், அடுத்த வாரம் வந்துடும்" என்பதை நம்பி, வெளியே போலீஸ் வண்டி நின்றாலே ஸ்டாஃப் ரூமுக்குள் ஒதுங்கிக்கொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். நல்ல டீச்சர். குழந்தைகள் அவள் பின்னாலேயே போகும். ஒரு நாள் அவள் மேஜை காலியாக இருந்தது, என்ன ஆனாள் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். 2022-லிருந்து தாய்லாந்து வேலை என்று சொல்லி டூரிஸ்டாகக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பக்கம் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் தள்ளிவிட்டார்கள், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள். அவர்களுக்கும் முதலில் சொன்ன வார்த்தை "டூரிஸ்டாகப் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பதுதான். உங்கள் ஏஜென்ட் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது சர்டிபிகேட். இதில் நம் ஊரின் பழக்கமே நமக்கு எதிரி. இங்கே பல தனியார் பள்ளிகளில் வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினலை வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், வருடம் முடியாமல் கேட்டால் கிடைக்காது. கல்லூரியில் படிக்கும்போதும் அதே கதைதான். அதனால் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு இருப்பது நமக்கு இயல்பாகப் பழகிவிட்டது, வெளிநாட்டுக்காரன் பாஸ்போர்ட்டைக் கேட்டாலும் "சரி சார்" என்று எடுத்து நீட்டிவிடுகிறோம். நானும் மாலத்தீவில் முதல் வருடம் அப்படித்தான் நீட்டினேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்கு வர வேண்டியிருந்தபோது, பாஸ்போர்ட் இருந்த அலமாரியின் சாவி வேறு தீவுக்குப் போயிருந்தவரிடம் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்ப முடிந்தது. அப்பாவைப் பார்த்துவிட்டேன், ஆனால் அந்த இரண்டு ராத்திரியை இன்றைக்கும் மறக்கவில்லை.

நம் பாஸ்போர்ட் சட்டம் 1967, பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது. அது உங்களுடையதுகூட இல்லை, அப்புறம் ஏஜென்ட்டும் பிரின்சிபாலும் எப்படி வைத்துக்கொள்வது? போகிற நாட்டுச் சட்டமும் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். வியட்நாமின் 2019 தொழிலாளர் சட்டம், அடையாளக் காகிதம், பட்டம், சான்றிதழ் எதன் ஒரிஜினலையும் முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. சீனாவிலும் அமீரகத்திலும் காகிதங்களைப் பிடித்து வைப்பது சட்ட விரோதம். தாய்லாந்தில் தொழிலாளியின் பெர்மிட்டையோ அடையாளக் காகிதத்தையோ பிடித்து வைப்பவருக்கு 2017-க்குப் பிறகு சிறையும் அபராதமும் உண்டு. விசா அடிக்க நாலு நாள் வாங்குவார்கள், அது வேறு. வாங்கும்போது ஒரு ரசீது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது "இன்று பாஸ்போர்ட் கொடுத்தேன், விசா வேலைக்காக" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். சர்டிபிகேட் அட்டஸ்டேஷன் வேலையையும் ஏஜென்ட்டிடம் விடாமல் நீங்களே செய்யலாம். சென்னையில் மாநில அரசின் முத்திரை, பிறகு வெளியுறவுத் துறையின் முத்திரை, பிறகு அந்த நாட்டுத் தூதரகம். தாய்லாந்துத் துணைத் தூதரகம் சென்னையிலேயே இருக்கிறது. போலீஸ் நற்சான்றிதழுக்குத் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா மையமே போதும். அலைச்சல்தான், இரண்டு மூன்று தடவை உழவன் எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியிருக்கும், ஆனால் காகிதம் உங்கள் பையை விட்டுப் போகாது.

ஏஜென்ட் கேட்கிற 1,60,000 விஷயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு இல்லாமல் ஆள் எடுப்பதே குற்றம். பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. தனி. ரசீதும் கொடுக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. "நாங்கள் ஏஜென்ட் இல்லை, கன்சல்டன்சி" என்பார்கள், "டிரெயினிங் ஃபீஸ்" என்பார்கள். பெயரை மாற்றினால் சட்டம் மாறாது. இன்னொரு ஓட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாவது பாஸ் செய்தவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை, அதனால் பத்தாவது முடிக்காமல் கொத்தனார் வேலைக்குப் போகிற தம்பியின் ஒப்பந்தத்தைக்கூட அரசாங்கம் ஒரு தடவை பார்க்கிறது, டிகிரி முடித்த டீச்சரின் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. படித்தவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. நாமோ அக்ரிமென்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

சம்பா அறுப்பு முடிந்து கையில் நாலு காசு இருக்கும் மாசியில்தான் இந்த ஏஜென்ட்டுகளின் நோட்டீஸ் நம் பஸ் ஸ்டாண்டுகளில் அதிகம் தெரியும் என்பது என் கணக்கு. நகையை அடகு வைத்தோ நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டோ பணம் கட்டாதீர்கள். காரணம் வட்டி மட்டும் இல்லை. கடனோடு போகிறவரால் வேலையை விட்டு வர முடியாது. எவ்வளவு கேவலமாக நடத்தினாலும் "அடகை மீட்கணுமே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார், அது முதலாளிக்கும் தெரியும். ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் உங்களைக் கட்டுகிற கயிற்றில் இன்னொரு முடிச்சு.

இப்போது ஒப்பந்தம். இதில் என் சொந்தக் கதையைச் சொன்னால்தான் புரியும். 2018-ல் தாய்லாந்தில் நான் சேர்ந்தது பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் ஒரு மொழிப் பயிற்சி நிறுவனம், பெயர் வேண்டாம். மாதம் 28,000 பாத். ஒப்பந்தம் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பத்தியாக இருந்தது, இடப்பக்கம் தாய்லாந்து மொழி, வலப்பக்கம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் 12 மாத ஒப்பந்தம் என்று இருந்தது. வரிவரியாகப் படித்தேன், ஆங்கிலப் பத்தியை மட்டும். அங்கே பள்ளிக்கூட வருடம் மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடியும். மார்ச் முடிந்தது, அதற்கு மேல் சம்பளம் வரவில்லை. கேட்டால், "உங்கள் ஒப்பந்தம் 10 மாதம்தானே" என்கிறார்கள்.

பள்ளியில் எனக்குப் பக்கத்து மேஜைக்காரர் ஒரு கணக்கு டீச்சர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோனேன். கேன்டீனில் சோற்றுத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுத் தாய்லாந்து மொழிப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டே வந்தார், ஒரு இடத்தில் விரல் நின்றது. தாய்லாந்து மொழிக்கு நம்மைப் போலவே சொந்த எண்கள் உண்டு. நாம் க, உ, ங என்ற எண்களை விட்டுவிட்டோம், அவர்கள் அரசாங்கக் காகிதங்களில் இன்னும் எழுதுகிறார்கள். அந்த இடத்தில் சுருண்டு உட்கார்ந்த மாதிரி ஒரு எழுத்து, பக்கத்தில் ஒரு வட்டம். "இது ஒன்று, இது சைபர்" என்றார். அப்புறம் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இரண்டு மொழிக்கும் முரண்பாடு வந்தால் தாய்லாந்து மொழியே செல்லும் என்ற வரியைக் காட்டினார். அந்த வரி ஆங்கிலத்திலும் இருந்தது. நான் படித்திருந்தேன், ஆனால் முரண்பாடு இருக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு மாதச் சம்பளம், 56,000 பாத், ஒரு சுருளிலும் ஒரு வட்டத்திலும் போய்விட்டது.

அந்த அம்மாவே என்னைத் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். இந்தப் பகுதியை நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் உரிமை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். அந்த 56,000-க்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, இரண்டு பத்திக்கும் கீழே என் கையெழுத்து இருந்தது. ஆனால் என் முதல் மாதச் சம்பள ஸ்லிப்பைப் பார்த்துவிட்டு, அதில் டெபாசிட் என்று 5,000 பாத் பிடித்திருந்ததை அவரே கண்டுபிடித்தார். பணம், பொருள் கையாளுகிற வேலையில் இருப்பவரைத் தவிர மற்றவரிடம் முதலாளி டெபாசிட் வாங்கக் கூடாது என்பது அந்த ஊர்த் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம். எழுத்தில் புகார் எடுத்துக்கொண்டார், மூன்று வாரத்தில் அந்த 5,000 என் கணக்கில் ஏறியது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் எனக்கு ஒர்க் பெர்மிட் இருந்தது, கையில் ஸ்லிப் இருந்தது, அதனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேச முடிந்தது. பெர்மிட் இல்லாமல் போயிருந்தால் அந்த வாசலையே மிதித்திருக்க மாட்டேன்.

அதே சட்டத்தில், 120 நாள் வேலை செய்தவரை அவர் மேல் தவறு இல்லாமல் நீக்கினால் 30 நாள் சம்பளமும், ஒரு வருடம் முடித்தவருக்கு 90 நாள் சம்பளமும் தர வேண்டும் என்று இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. முறைசார் தனியார் பள்ளி நேரடியாக வேலைக்கு எடுத்தால் தனியார் பள்ளிச் சட்டம் வேறாக வரும், ஆனாலும் தொழிலாளர் சட்டம் தருவதற்குக் குறையாமல் தர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதனால் ஏஜென்ட்டிடம் முதல் கேள்வி: என் முதலாளி யார், பள்ளியா, பயிற்சி நிறுவனமா? ஒர்க் பெர்மிட்டில் யார் பெயர் வரும்?

அரபு நாட்டுப் பக்கம் யாராவது கேட்டால் அங்கே கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது, அடிப்படைச் சம்பளத்தில். அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது கிராஜுவிட்டி உண்டு, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் கணக்கு, ஆனால் அது மொத்தச் சம்பளத்தில் இல்லை, பேசிக்கில். ஷார்ஜாவில் என்னோடு இருந்த பாபநாசத்துப் பெண்ணுக்கும் எனக்கும் மாதம் 6,000 திர்ஹம்தான். எனக்கு பேசிக் 4,000, அவளுக்கு 2,000, மீதியெல்லாம் அலவன்ஸ். 4,000-க்கு 21 நாள் என்றால் 2,800, 2,000-க்கு 1,400. மூன்று வருடம் முடித்திருந்தால் எனக்கு 8,400, அவளுக்கு 4,200. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே மாத வரவு, பாதிதான் கை சேரும். சேரும்போது "பேசிக்கை ஏற்றுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாது. அங்கே 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தின்படி ஆள் எடுக்கிற செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது, தகுதிகாண் காலம் 6 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. தொழிற்சங்கம் கிடையாது, ஆனால் சம்பளம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்ற ஏற்பாடு இருப்பதால் வரவில்லை என்பதை நிரூபிப்பது சுலபம்.

மாலத்தீவுக்கு நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போகிறார்கள், அதனால் ஒரு வார்த்தை. 2008-ஆம் வருட வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் இல்லை, தகுதிகாண் காலம் 3 மாதம், வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு, புகாருக்கு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் என்று எல்லாம் இருக்கிறது. தீர்ப்பாயம் மாலேயில், நீங்கள் இருப்பது எங்கோ ஒரு குட்டித் தீவில், படகு ஏற வேண்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் டிகிரி கேட்கும் வேலைக்குத் தகுதிகாண் காலம் 60 நாளுக்கு மேல் கூடாது, அந்தக் காலத்திலும் 85 சதவீதச் சம்பளம் தர வேண்டும். தென் கொரியாவின் ஆங்கில ஆசிரியர் விசா பொதுவாக ஆங்கிலம் தாய்மொழி என்று கருதப்படும் ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான், இந்தியா அதில் இல்லை. அதனால் "கொரியா விசா ஈஸி" என்று யாராவது சொன்னால் கவனம்.

அந்த ஏழு நாட்டுக் கதை எல்லா இடத்திலும் சம்பளப் பட்டியலாக வந்து நிற்கும். நேட்டிவ் ஸ்பீக்கர் என்றால் ஒரு தொகை, நாம் என்றால் இன்னொரு தொகை. பி.எட். முடித்து, ஆறு வருடம் நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்திய உங்களுக்கு, நேற்றுக் கல்லூரி முடித்து ஊர் சுற்ற வந்த இருபத்து மூன்று வயதுப் பையனைவிடக் குறைவாகக் கொடுப்பார்கள். இது அநியாயம். காமன்வெல்த் நாடுகள் 2004-ல் ஆசிரியர்களை எடுப்பதற்கென்று ஒரு நெறிமுறையே போட்டார்கள், ஒப்பந்த விவரங்களை முன்கூட்டியே சொல்ல வேண்டும், உள்ளூர் ஆசிரியரைவிடக் குறைத்து நடத்தக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது, ஆனால் கோர்ட்டில் காட்டிப் பணம் வாங்க அது உதவாது, தாய்லாந்து காமன்வெல்த்திலும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பேரம் பேசிக் குறைக்கலாம், பி.எட். என்பது அங்கே உரிமம் வாங்க உண்மையிலேயே உதவுகிற தகுதி, அந்தப் பையனிடம் இல்லாதது. அதைச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

பணக்கார நாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் நோவா என்ற மிகப் பெரிய ஆங்கிலப் பயிற்சி நிறுவனம் 2007 அக்டோபரில் விழுந்தது, சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்களுக்குச் சம்பள பாக்கி. ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் பிள்ளைகள். பலர் கம்பெனி பிடித்துக் கொடுத்த வீட்டில் இருந்தார்கள், வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரருக்குக் கட்டாமல் விட்டதால் வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது. சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாடம் நடத்தும் ஏற்பாட்டைத் தொழிற்சங்கம் செய்ய வேண்டிய நிலைமை. அவர்களைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். சங்கத்தில் சேர வெளிநாட்டவருக்கும் அங்கே உரிமை உண்டு. அப்புறம் முதலாளி திவாலானால் பாக்கிச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, ஒரு உச்சவரம்புக்குள், அரசே முன்பணமாகக் கொடுக்கும் திட்டம் உண்டு. அதை வாங்கவும் சம்பள ஸ்லிப்பும் ஒப்பந்தமும் வேண்டியிருந்தது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் சங்கத்தில் சேரலாம், தாங்களே ஒன்றைத் தொடங்க முடியாது. அதனால் அங்கே நமக்குத் துணை உள்ளூர் சக ஆசிரியர்கள்தான். அந்தக் கணக்கு டீச்சர் இல்லாவிட்டால் எனக்கு அந்த அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரிந்திருக்காது.

யாரிடம் கேட்பது என்றீர்கள். சம்பளம், நீக்கம், விடுப்பு எல்லாம் அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில். இந்தியத் தூதரகம் பள்ளிக்கு உத்தரவு போட முடியாது, ஆனால் பாஸ்போர்ட் தொலைந்தால், பிடித்து வைத்தால், நடுத்தெருவில் நின்றால் அவர்கள் வர வேண்டும். இந்தியச் சமூக நல நிதி என்று தூதரகங்களில் ஒன்று இருக்கிறது, தங்க இடம், ஊர் திரும்ப டிக்கெட், ஆரம்பச் சட்ட உதவிக்கு அதிலிருந்து கொடுப்பார்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள். மதத் என்ற இணையதளத்தில் புகார் பதிந்தால் எண் வரும், அந்த எண்ணை வைத்து வீட்டிலிருந்தே அப்பாவோ அண்ணனோ பின்தொடரலாம். ஏஜென்ட் மேல் புகார் என்றால் சென்னையில் குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகம், கூடவே மாவட்டக் குற்றப்பிரிவு போலீஸ். நம் மாநில அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் போகும் முன்பே உறுப்பினராகிவிடுங்கள். 1978-லிருந்து இருக்கும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஆசிரியர் வேலை ஏதாவது வந்திருக்கிறதா என்று இந்த ஏஜென்ட்டுக்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஊர் திரும்ப டிக்கெட்டுக்கும் ஒரு மாத அறை வாடகைக்கும் ஆகிற பணம், வேறு யாருக்கும் தெரியாமல், உங்கள் கணக்கில். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து அம்மாவின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினம் எத்தனை பீரியட், எத்தனை மணிக்கு உள்ளே போய் எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள், சனிக்கிழமை ஆங்கில முகாம் என்று கூப்பிட்டார்களா என்று தேதி போட்டு எழுதுங்கள். நான் எழுதினேன், பால் கணக்கு மாதிரி. வாயால் சொன்னதை அன்றைக்கே "நீங்கள் சொன்னபடி" என்று மெசேஜில் திருப்பிப் போடுங்கள், அவர்கள் "ஓகே" என்று ஒரு வார்த்தை அனுப்பினாலும் அது சாட்சி. முடிந்தால் முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு அறையைப் பள்ளியிடமிருந்து பிரித்து நீங்களே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், சக டீச்சரோடு சேர்ந்தால் கட்டுப்படியாகும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சபுர், அதாவது பிழைப்புக்காக வெளிநாடு, போனவர்கள் இருக்கிறார்கள், புதிதாகப் போகிறவர் முதலில் யார் வீட்டில் இறங்குவது, யாரிடம் கடுதாசி கொடுப்பது என்று அவர்களுக்குள் ஒரு வலை உண்டு. ஆசிரியர்களாகிய நமக்கு அது இல்லை, தனித்தனியாகப் போய்த் தனித்தனியாக மாட்டிக்கொள்கிறோம். அதனால்தான் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு அந்த ஏஜென்ட்டிடம் போனால் பதிவு எண், பள்ளியின் பெயரும் முகவரியும், பி விசாவுக்கான பள்ளியின் கடிதம், முழு ஒப்பந்தம் ஆகிய நான்கையும் கேளுங்கள். நான்கும் வரும்வரை ஒரு ரூபாயும் வேண்டாம், ஒரு சர்டிபிகேட்டும் வேண்டாம். கோபப்பட்டால் கோபப்படட்டும், "சீட் போயிடும்" என்பார், போகட்டும். ஒப்பந்தம் வந்தால் தாய்லாந்து மொழிப் பக்கங்களையும் விடாமல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எண்களை மட்டும் நான் படித்துவிடுவேன், மற்றதை அந்தக் கணக்கு டீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன், இன்னும் தொடர்பில்தான் இருக்கிறோம்.